பாறை திருப்பித் தந்த கச்சேரி

சென்ற ஏப்ரலில் ஐந்தருவி வற்றிய நான்காம் நாள், மாலை நான்கு மணிக்கு, பாறைக்குள்ளிருந்து ஒரு கச்சேரி கேட்க ஆரம்பித்தது. அப்போது அங்கே இருந்தது ஏழு பேரும் கொஞ்சம் குரங்குகளும்தான். தாளம் தப்பியது, கிடார் சுருதி சேரவில்லை. ஆனால் பாடிய பெண்ணின் குரலைக் கேட்டதும் குரங்குகள்கூடக் கையிலிருந்த முறுக்கைக் கீழே வைத்துவிட்டன என்று பஜ்ஜிக்கடை வள்ளித்தாய் சொல்கிறாள். குரங்கு விஷயத்தில் அவள் பொய் சொல்லும் ஆள் இல்லை.

அந்தச் சத்தம் பாறைக்குள் போன கதை எல்லோருக்கும் தெரிந்ததே. தென்காசியில் செல்போன் கடை வைத்திருக்கும் ஜோயலும், அவன் தம்பி சாமும், ஜோயலோடு படித்த போலீஸ்காரன் இசக்கியப்பனும் சேர்ந்து ஒரு பேண்ட் தொடங்கினார்கள். ஜோயல் கிடார், சாம் கீபோர்டு, இசக்கியப்பன் டிரம்ஸ். தெருக்காரர்கள் இரண்டு வாரம் பொறுத்தார்கள். மூன்றாவது வாரம் புகார் கொடுக்கப் போனால், ஸ்டேஷனில் அதை வாங்கி எழுதியவனே இசக்கியப்பன். வெட்கப்பட்டுப் போன மூவரும் ஐந்தருவிப் பக்கம் லாட்ஜ் நடத்தும் பரீதிடம் இடம் கேட்டார்கள். அருவியை ஒட்டியிருந்த பழைய சாமான் அறையை அவர் ஒழித்துக் கொடுத்தார். அது முந்தின வருடம் ஜூன் மாதம், நல்ல சீசன். அந்த இரைச்சலில் என்ன வாசித்தாலும் வெளியே கேட்காது. உள்ளேயும் கேட்கவில்லை என்பதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பாடத்தான் ஆள் இல்லை. ஜோயலின் மனைவி ஜெஸி செங்கோட்டை ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள்; பயணிகள் மூன்று தடவை காதை நீட்டினால்தான் அவள் சொல்வது விழும். அவளுக்குப் பதினோரு வயதாக இருக்கும்போது, சபைப் பாடகர் குழுவை நடத்திய ஞானதுரை வாத்தியார், “நீ வாயை மட்டும் அசைம்மா, போதும்” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடம், ஞாயிறுதோறும், அவள் வாயை மட்டும் அசைத்து வந்தாள். பக்கத்தில் நின்ற கணவனுக்குக்கூட அது தெரியாது. முதல் நாள் சாமான் இறக்க உதவிக்கு வந்தவள், அந்த இரைச்சலில் தன் குரல் தனக்கே கேட்காது என்று கண்டுகொண்டு, மைக் முன்னால் போய் வாயைத் திறந்தாள். அவள் முகத்தைப் பார்த்த மூவரும் பாடகி கிடைத்துவிட்டாள் என்று முடிவு செய்தார்கள். அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்து இசக்கியப்பன் தாளம் போட்டான். அவன் கையைப் பார்த்து மற்ற இருவரும் வாசித்தார்கள். வாரக் கடைசிதோறும் பத்து மாதம் இப்படியே நடந்தது. தன் பாடகியின் குரலை ஒரு தடவைகூடக் கேட்டிராத அந்த பேண்ட், ஊரே கூடிச் சாப்பிடும் சுரண்டை அசனப் பண்டிகைக்குக் கச்சேரியும் ஒப்புக்கொண்டது. அந்தத் தைரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

தண்ணீர் வற்றியதும் ஜெஸி பாடமாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டபோதுதான் வாத்தியார் சொன்னது வெளியே வந்தது. அந்த வாரமே பாறை தொடங்கிவிட்டது. அருவி விழுங்கியதையெல்லாம், முதல் நாளிலிருந்து வரிசை பிசகாமல், தினமும் நான்கு மணிக்குத் திருப்பித் தந்தது. இசக்கியப்பனின் டிரம்ஸ் முதல் பத்து நாள் சகிக்கவில்லை, பிறகு தேறியது. கடையத்திலிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்தார்கள். ஜெஸி ஒரு நாள் லீவு போட்டு, தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு, கூட்டத்துக்குப் பின்னால் நின்று கேட்டாள். அது தன் குரல்தான் என்று நம்ப மூன்று பாட்டு ஆயிற்று. நான்காவது பாட்டில் அழுதாள். திரும்பிப் பார்த்தால் ஜோயலும் நின்றுகொண்டிருந்தான்.

“பத்து வருசமா ஒன் பக்கத்துலதான் நிக்கேன். நீ இப்படிப் பாடுவேன்னு தெரியலயே, ஜெஸி.”

“இங்கன தண்ணி பாட விட்டுது,” என்றாள் அவள். “சுரண்டையில தண்ணி இல்லயே.”

ஆனாலும் ஒப்புக்கொண்டதற்காகப் போனாள். மே மாத வெயிலில் பந்தல் நிறையக் கூட்டம். முன்வரிசையில், கைத்தடியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, எண்பது வயது ஞானதுரை வாத்தியார். அவரைப் பார்த்ததும் ஜெஸி பழக்கதோஷத்தில் வாயை மட்டும் அசைத்தாள். தொண்டை அசையாததைக் கண்டு இசக்கியப்பனின் கை நின்றது. அவன் கை நின்றதும் கிடாரும் கீபோர்டும் நின்றன. வேறு மாதிரி வாசிக்க அவர்கள் பழகியிருக்கவில்லை.

“மதினி,” என்றான் இசக்கியப்பன், மைக்கில் எல்லோருக்கும் கேட்கும்படி, “நீங்க பாடாம எனக்கு அடிக்கத் தெரியாது.”

ஜெஸி வாத்தியாரை நேராகப் பார்த்துப் பாடினாள். குரல் எழுந்ததும் அதற்குப் பின்னாலேயே அருவியின் இரைச்சலும் வந்தது. மேகம் ஒரு துளிகூட இல்லாத வானத்தின் கீழ், பந்தலுக்குள்ளே, அவள் குரல் எட்டிய தூரம் வரைக்கும் சாரல் விழுந்தது. மைக்செட்காரர் ஓடிப்போய் ஒயர்களை மூடினார். சோற்று அண்டாக்களின் மேல் வாழையிலையைப் போட்டார்கள். யாரும் எழுந்து போகவில்லை.

இப்போது அவர்களுக்கு மாதம் நான்கைந்து கச்சேரி வருகிறது. நோட்டீஸில் நேரம், இடத்துக்குக் கீழே ‘துண்டு கொண்டு வரவும்’ என்று அச்சடித்துவிடுகிறார்கள். செங்கோட்டையில் ஜெஸி சொல்வது முதல் தடவையே கேட்கிறது. மத்தியானம் ஒரு முறை கவுண்டர் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். சுற்று வட்டாரத்தில் எங்கே கச்சேரி என்றாலும் ஞானதுரை வாத்தியார் வந்துவிடுகிறார். அவர் மட்டும் துண்டு கொண்டுவருவதில்லை. முன்வரிசையில், கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, கடைசிப் பாட்டு முடியும்வரை நனைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்.