அடிக்கு ஏழாயிரம்

ஐம்பத்தேழாவது வயதில்தான் இரஞ்சிதத்துக்குச் சமைக்கச் சொந்தமாக ஒரு குசினி கிடைத்தது. கல்யாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்த நாள் முதல் வாடகை வீடுகளும் அரசாங்கக் குவாட்டர்ஸும்தான். எண்பத்துமூன்று கலவரத்தில் கட்டுகஸ்தோட்டை வீட்டை விட்டு உடுத்த துணியோடு ஓடி, மூன்று கிழமை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்தெழும்பினாள். திரும்பி வந்தபோது சட்டிபானைகூட மிஞ்சியிருக்கவில்லை. அதன்பிறகு இருபத்துமூன்று வருஷம் கணிதம் படிப்பித்து, ஓய்வு பெற்று, லண்டனில் இருக்கும் மகன் பாதி, தாங்கள் பாதி என்று போட்டு அம்பிட்டியவில் ஒரு பழைய வீட்டை வாங்கினார்கள். அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. யுத்தம் திரும்பவும் தொடங்கியிருந்தது. பஸ்ஸுக்குள் போன் அடித்தால் எடுத்துத் தமிழில் கதைக்க ஆட்கள் தயங்கிய காலம்.

அந்தக் குசினிக்குப் பென்ட்ரி போடவேண்டும் என்று இரஞ்சிதத்துக்கு ஆசை. சுவரோடு சேர்த்துப் பொருத்திய அலுமாரிகள், சத்தமில்லாமல் இழுபடும் லாச்சிகள், மேலே கறுப்புக் கிரனைட் கல். கூடப் படிப்பித்த ஒருத்தியின் வீட்டில் பார்த்ததிலிருந்து அது மனதை விட்டுப் போகவில்லை.

திகனயில் பென்ட்ரிக் கடை வைத்திருந்த பாரூக் வந்து அளவெடுத்தார். அளவு நாடாவின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் லெட்சுமணன். ஹேவாஹெட்டவில் ஒரு தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்தவன், வயது முப்பது இருக்கும். பாரூக்கிடம் ஏழு வருஷமாக வேலை.

"பதினெட்டு அடி ஈக்கிது டீச்சர். அடிக்குப் பதினோராயிரம் வரும்" என்றார் பாரூக்.

"பதினொண்டோ? என்னைப் பார்க்க வெளிநாட்டால வந்த ஆள் மாதிரி இருக்கோ? எட்டுக்குச் செய்து தாங்கோ."

"எட்டுக்கு சாமானே வாங்கேலா."

பேரம் பேசுவது இரஞ்சிதத்துக்குக் கைவந்த விஷயம். கண்டி மார்க்கெட்டில் மரக்கறிக்காரர்கள் அவளைத் தூரத்தில் கண்டதுமே விலையைக் கூட்டி வைத்துக்கொள்வார்கள் என்று கணவர் சோதிலிங்கம் பகிடி பண்ணுவார். பலகையைத் தட்டிப் பார்த்தாள், கீலில் குறை சொன்னாள், வேறு இரண்டு கடைகளின் விலையைச் சொன்னாள். பாரூக் பத்தாயிரத்துக்கு இறங்கினார். அதற்குக் கீழே இறங்கவில்லை.

"கடை வாடக ஈக்கிது, நாலு பேருக்குச் சம்பளம் ஈக்கிது டீச்சர். இந்தக் காலத்துல பிஸ்னஸும் இல்ல."

போன் வந்து அவர் முற்றத்துக்குப் போன நேரத்தில் இரஞ்சிதம் லெட்சுமணன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, உண்மையைச் சொல்லும். பலகை வெட்டுறது ஆர்? பொருத்துறது ஆர்?"

"நான்தாங்க டீச்சரம்மா."

"அப்ப முதலாளி என்ன செய்யிறார்?"

அவன் சிரித்தான். அவனுடைய போன் நம்பரைக் கேட்டு, சுவரில் தொங்கிய கலண்டரில் எழுதிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லெட்சுமணன் தனியாக வந்தான். சாமானை டீச்சரே வாங்கிக் கொடுப்பது, அவன் கூலிக்குச் செய்வது. கடதாசியில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எல்லாம் சேர்த்து அடிக்கு ஏழாயிரத்து ஐந்நூறு வந்தது. பாரூக் கேட்டதில் கால்வாசி மிச்சம். ஆனாலும் அவளுக்கு அதோடு நிறுத்த மனம் வரவில்லை.

"ஏழாக்கும் தம்பி. நாங்கள் எல்லாம் தமிழ் ஆக்கள். எங்களுக்குள்ள விட்டுக்குடுக்காட்டில் வேற ஆர் விட்டுக்குடுக்கிறது?"

"புள்ள பொறந்து மூணு மாசங்க. லயத்து வீட்டுக்குக் கூரைத் தகரம் மாத்தணும். அதான் இந்த வேலையவே ஒத்துக்கிட்டேன்." கணக்குப் போட்ட கடதாசியை எடுத்து ஒருதரம் பார்த்தான். பிறகு, "சரிங்க, ஏழுக்கே செய்றேன். ஆனா எனக்கு ஒரு லெட்டர் வேணும்" என்றான்.

"என்ன லெட்டர்?"

"கடையில ஊருக்குப் போறேன்னு லீவு கேக்கணும். அப்பறம் கடை மாடியில தங்க முடியாதுங்க. மஹியாவையில சித்தப்பா மகன் ரூமுல தங்கணும். மொதலாளி எழுதிக் குடுத்த லெட்டர்ல திகன அட்ரஸ்தான் போட்டிருக்கு. பொலிஸ்காரன் வந்து புடிச்சான்னா பதில் சொல்ல முடியாது. ஐயா ஆபீஸ் சீல் வச்சு, இந்த வீட்டுல வேலை செய்றான்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்தா போதும். அதுக்காகத்தாங்க அந்த ஐந்நூற விடுறேன்."

"இது என்ன பெரிய வேலையோ? எங்கட சேரிட்டைச் சொல்லி நாளைக்கே எடுத்துத் தாறன்."

அவள் அதை மனதார நினைத்துத்தான் சொன்னாள்.

சோதிலிங்கம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இஞ்சினியர். பென்ஷனுக்கு எட்டு மாதம் இருந்தது. அன்று பின்னேரம் அவளுடைய கதையைக் கேட்டதும் பேப்பரை மடித்து வைத்தார்.

"உமக்கென்ன விசரோ? ஆரோ ஒரு தோட்டக்காட்டுப் பெடியனுக்கு நான் அரசாங்க சீல் குத்திக் குடுக்கவோ? நாளைக்கு அவன் எதிலையும் மாட்டினால் கடதாசியில இருக்கிறது என்ரை பேரல்லோ."

"அப்ப சீல் இல்லாமல் வீட்டுக் கடிதமா எழுதுங்கோ."

"என்ரை கையெழுத்தே வேண்டாம் எண்டுறன்."

இரஞ்சிதம் தானே எழுதியிருக்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியையின் கையெழுத்துக்கும் அந்த ஊரில் மரியாதை இருந்தது. அப்படிச் செய்யலாம் என்ற எண்ணமும் அவளுக்கு வந்தது. மனுஷனோடு சண்டைபிடிக்க வேண்டி வரும் என்று அதைத் தள்ளிப்போட்டாள். இப்போது லெட்சுமணனிடம் முடியாது என்று சொன்னால் அவன் வேலைக்கு வரமாட்டான் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

புதன்கிழமை அவன் வேலையைத் தொடங்கினான். நல்ல கைகாரன். பலகையை வெட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வான். மேல்தட்டைப் பொருத்துவதற்கு முதல், "டீச்சரம்மா, கொஞ்சம் கைய தூக்குங்க" என்று சொல்லி, அவளுடைய விரல் எட்டும் உயரத்தைப் பென்சிலால் சுவரில் குறித்தான். அவளுக்காக இவ்வளவு யோசித்து யாரும் எதையும் செய்ததில்லை. மத்தியானத்தில் அவனுக்கு மீன்குழம்போடு சோறு போட்டாள். குழந்தைக்கு இன்னும் பேர் வைக்கவில்லை, நாள் பார்க்க வேண்டும் என்று அவன் சொன்னான்.

இரண்டாம் நாள் கடிதத்தைக் கேட்டான்.

"சேர் டைப் அடிக்கக் குடுத்திருக்கிறார், தம்பி."

நாலாம் நாளும் கேட்டான்.

"டைப்பிஸ்ட் பிள்ளை லீவாம். திங்கட்கிழமை வரும்."

"பரவாயில்லிங்க" என்றுவிட்டுக் குனிந்து வேலையைப் பார்த்தான். அதற்குப் பிறகு கேட்கவில்லை. டீச்சரம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பான்.

ஒன்பதாம் நாள் அவன் வரவில்லை. போன் வேலை செய்யவில்லை. கீழ் அலுமாரிகள் முடிந்திருந்தன. மேல் அலுமாரிகள் கதவில்லாமல் நின்றன, கிரனைட் இன்னும் ஏற்றப்படவில்லை. முற்பணத்தையும் வாங்கிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டான் என்று அவளுக்குக் கோபம் வந்தது. சோதிலிங்கத்திடம் அதைச் சொல்லியும் திட்டினாள்.

மறுநாள் காலை பத்து மணிபோல் கேற்றைத் தட்டியது ஒரு பெண். இடுப்பில் குழந்தை. செருப்பெல்லாம் சேறு.

"நான் லெட்சுமணன் சம்சாரங்க. சந்திரிகா."

முன்தினம் விடிய நாலு மணிக்கு மஹியாவையில் சுற்றிவளைத்துத் தேடியிருக்கிறார்கள். அந்த அறையில் இருந்த மூன்று பேரையும் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு பேரைப் பகலிலேயே விட்டார்கள். லெட்சுமணனை விடவில்லை. அவனுடைய கடிதத்தில் திகன என்று இருந்தது. பொலிஸ் பாரூக்குக்குப் போன் எடுத்துக் கேட்டது. ஒன்றும் தெரியாத பாரூக், அவன் லீவில் ஊருக்குப் போய்விட்டான் என்று தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டார். ஊருக்குப் போனவன் கண்டியில் பதிவில்லாத அறையில் என்ன செய்கிறான் என்பதுதான் இப்போது கேள்வி.

"ஒங்க வீட்டுல வேலை செஞ்சேன்னு அவரு சொல்லியிருக்காருங்க. அவங்க நம்பல. ஐயா லெட்டர் குடுக்குறேன்னு சொன்னாராமே. அத குடுத்தீங்கன்னா நான் கொண்டுபோயிக் காட்டுறேன்."

இரஞ்சிதம் அவளை உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினாள். தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போனாள். அங்கே சோதிலிங்கம் நின்றார். லீவு போட்டிருந்த நாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார்.

"போக வேண்டாம்" என்றார் மெதுவாக. "ஆளைப் பொலிஸில பதியாமல் ஏன் வேலைக்கு வச்சனீங்கள் எண்டு முதல் கேள்வி எங்களிட்டத்தான். பிறகு லண்டன்ல இருந்து காசு வாறதைக் கேப்பான். வீட்டைச் சோதிப்பான். இந்த வயசில எனக்கு ஏலாது இரஞ்சிதம்."

அவருடைய கை பின்கதவின் தாழ்ப்பாளில் இருப்பதை அவள் கண்டாள். எண்பத்துமூன்றில் பின்சுவரால் அவளைத் தூக்கி விட்டதும் அந்தக் கைதான். அவளால் அவரை எதிர்த்துக் கதைக்க முடியவில்லை.

தேத்தண்ணியோடு ஐயாயிரம் ரூபாயையும் கொண்டுபோனாள்.

"இது கூலியில மிச்சம். சேர் இன்னும் லெட்டரை அடிக்கேல்லை, பிள்ளை. நாங்கள் யோசிச்சுச் சொல்லுறம்."

"என்னாங்க யோசிக்கிறது? அவரு இங்க வேலை செஞ்சது நெசந்தானே?" சந்திரிகா எழுந்து குசினி வாசல்வரை போய்ப் பார்த்தாள். கதவில்லாத அலுமாரிகளையும், மூலையில் சுவரோடு சாத்தியிருந்த பலகைகளையும் பார்த்தாள். "அந்தா நிக்குதே, அவரு செஞ்சது. இத வந்து சொல்ல ஒங்களுக்கு என்னா?"

காசையும் தேத்தண்ணியையும் தொடாமல் அந்தப் பெண் போய்விட்டாள்.

சந்திரிகா சொல்லிக் கேள்விப்பட்டு அன்று பின்னேரமே பாரூக் வந்தார். உள்ளே வந்து இருக்கவில்லை. வாசலிலேயே நின்றார்.

"எண்ட ஆள எடுத்து வேல வாங்கினது பரவாயில்ல டீச்சர். அத நான் பேச வரல்ல. அவன் எங்க ஈந்தான்டு எனக்குத் தெரியா, அதால நான் செல்ற சொல்லு இப்ப எடுபடாது. நீங்க பொலிஸுக்கு வந்து நடந்தத செல்லணும். ஐயா வராட்டியும் பரவாயில்ல, நீங்க தனிய வாங்க. வேன்ல கூட்டிப் போய்க் கூட்டி வாரேன்."

"அவர் விடமாட்டார், பாரூக்."

பாரூக் வாசலில் நின்றபடியே குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"சரி, பிஸ்னஸ் பேசுவோம். மிச்ச வேலய நானே முடிச்சித் தாரேன். கிரனைட்டும் எண்ட கடையில இருந்து. கூலி வேணாம், அடிக்கு ஆறாயிரமும் வராது. கண்டியில எவனும் இந்த விலைக்குத் தரமாட்டான். வந்து ஒரு சொல்லுச் செல்லுங்க."

இவ்வளவு மலிவான விலையை வாழ்க்கையில் யாரும் அவளிடம் சொன்னதில்லை. அவமானத்தில் அவளுடைய முகம் எரிந்தது.

"நாளைக்குச் சொல்லுறன்" என்றாள்.

அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை, சோதிலிங்கம் ஒபிஸுக்குப் போனபிறகு, சேலை மாற்றி, அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு தனியாக ஒரு திரீவீலரில் பொலிஸுக்குப் போனாள். ஒரு மணித்தியாலம் மர வாங்கில் இருக்கவிட்டார்கள். பிறகு ஒரு அதிகாரி கூப்பிட்டு, அவள் சிங்களத்தில் சொன்னதை நிதானமாக எழுதினார். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்.

"இதை ஏன் அன்றைக்கே வந்து சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டார்.

அவள் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

லெட்சுமணனை முன்தினம் பின்னேரம் தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்கு அனுப்பியாகிவிட்டது என்றார். அங்கே போனவனை வெளியே எடுப்பது தன் கையில் இல்லை, இந்த வாக்குமூலத்தை ஃபைலுக்கு அனுப்பிவைக்கிறேன் என்றார். கணவருடைய பெயரையும் வேலையையும் கேட்டார். சொன்னாள்.

அன்று சோதிலிங்கம் அவளோடு கதைக்கவில்லை. ஒரு மாதம் இருவரும் யாராவது வருவார்கள் என்று கேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் வரவில்லை. யாரும் எதையும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் அவர் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார்.

பாரூக்கிடம் திரும்பிப் போக அவளுக்கு முகமில்லை. கண்டியில் வேறொரு கடைக்காரர் மிச்ச வேலையை முடித்துக் கொடுத்தார். அவர் சொன்ன விலையை அப்படியே கொடுத்தாள். கிரனைட் பளபளத்தது. மேல்தட்டு கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. அதில் அவள் எதையும் வைப்பதில்லை.

லெட்சுமணனை ஒன்பது மாதத்துக்குப் பிறகு விட்டார்கள் என்று யாரோ சொல்லித் தெரிந்தது. அதற்கும் பிறகு ஒருநாள், கண்டி பஸ் ஸ்டாண்டில் ஹேவாஹெட்ட பஸ்ஸுக்கு நின்ற சனத்துக்குள் சந்திரிகாவைக் கண்டாள். குழந்தை நடக்கத் தொடங்கியிருந்தது. தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

இரஞ்சிதம் கிட்டப் போனாள்.

"பிள்ளை, தம்பி எப்பிடி இருக்கிறார்?"

சந்திரிகா அவளை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்சநேரம் எடுத்தது.

"இருக்காருங்க. மலையில தேயிலைக் கவ்வாத்து வெட்டப் போறாரு."

"மரவேலை?"

"இல்லிங்க. டவுனுக்கு வர்றதில்ல. வலது கையில ரெண்டு வெரல் மடங்காது."

"நான் ஒருக்கா வந்து அவரைப் பார்க்கட்டோ? நான் பொலிஸுக்குப் போய்ச் சொன்னனான், பிள்ளை. போனனான். அவையள் அதுக்கு முதல் நாள்..."

"தெரியுங்க. பாரூக் மொதலாளி சொன்னாரு." அவளுடைய குரலில் கோபம் இருக்கவில்லை. "வரவேணாங்க. வீட்டுக்கு யாராச்சும் வந்தா அவரு பின்பக்கமா எறங்கித் தேயிலைக்குள்ள போயிடுவாரு. அப்பறம் இருட்டினாத்தான் வருவாரு. ஒங்களுக்கும் அலைச்சல்."

பஸ் வந்தது. சனம் முண்டியடித்தது. சந்திரிகா குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஏறினாள். யன்னலோரத்தில் இடம் கிடைத்தது. பஸ் புறப்படும்வரை கண்டக்டரிடம் மிச்சக்காசு கேட்டுக்கொண்டிருந்தாள், வெளியே பார்க்கவில்லை.