பெயர் எழுதிய கேக்

மெல்பேர்னில் வினுஷாவின் பள்ளி அணி கூடைப்பந்துக் கிண்ணம் வென்ற அன்று, அந்த மண்டபத்தில் தேம்பித் தேம்பி அழுத ஒரே தகப்பன் வரதராஜாதான். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர் முதுகில் தட்டிக்கொடுத்தார். பின்வரிசையில் இருந்த பெண்ணொருத்தி டிஷ்யூ எடுத்து நீட்டினாள். மகளின் வெற்றியில் உருகிப்போன மனிதர் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு என்ன தெரியும், பாவம்.

கடைசி நிமிடம்வரை மனிதர் நன்றாகத்தான் இருந்தார். ஒரு புள்ளி பின்னால் நின்ற ஆட்டத்தில் வினுஷாவைத் தள்ளி விழுத்தியதற்காக அவளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறியலாம். அவள் பந்தை நிலத்தில் தட்டித் தட்டிப் பிடித்தாள், மூச்சை விட்டாள், எறிந்தாள். இரண்டும் வளையத்தில் படாமலே வலைக்குள் இறங்கின. வரதராஜா கதிரையில் ஏறி நின்று, "என்ர பிள்ளை! என்ர பிள்ளை!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

பள்ளிச் சஞ்சிகைக்காக யாரோ மைக்கை நீட்டி, எப்போது விளையாடத் தொடங்கினாய் என்று அவளிடம் கேட்டார்கள். மூன்று வயதில், வீட்டுக்குப் பக்கத்துப் பார்க்கில் ஒரு வளையம் இருந்தது, அப்பாதான் தூக்கிப் பிடித்துப் பந்து போட வைத்தார் என்று அவள் சிரித்தபடி சொன்னாள். பிறகு கோச் கெரி மைக்கை வாங்கினாள். நாட்டுச் சம்பியன் என்ற தகுதியில், வரும் ஏப்ரல் மாதம் பெல்கிரேட்டில் நடக்கிற உலகப் பள்ளிகள் போட்டிக்கு இந்த அணிதான் போகிறது என்றாள். பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கூச்சலிட்டார்கள். வரதராஜா கதிரையை விட்டு மெல்ல இறங்கினார். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

வினுஷாவுக்குப் பாஸ்போட் இல்லை. எடுக்க வழியும் இல்லை. மூன்று வயதில் தாய் தகப்பனோடு இலங்கையிலிருந்து படகில் வந்தவள். அகதிக் கோரிக்கை தள்ளுபடியாகி, மேல்முறையீடு வருடக்கணக்காக இழுபட, குடும்பம் இடைக்கால விசாவில் காலம் தள்ளுகிறது. அந்த விசாவில் வேலை செய்யலாம், பள்ளிக்கூடம் போகலாம், சிட்னியிலிருந்து மெல்பேர்னுக்குக் கார் ஓடலாம். நாட்டை விட்டு வெளிக்கிட்டால் மட்டும் போனது போனதுதான். இது வரதராஜாவுக்குத் தெரியும், மனைவி யோகராணிக்குத் தெரியும், பள்ளி அலுவலகத்தில் யாருக்காவது தெரிந்திருக்கும். தெரியாதது வினுஷாவுக்கு மட்டும்தான்.

ஏன் தெரியாது என்றால், அது இந்த மனிதர் ஆடிய கூத்து. சில வருடங்களுக்கு முன்னர், படகில் வந்த பல குடும்பங்களுக்கு ஒரே மூச்சில் நிரந்தர விசா கிடைத்தது. சிட்னியில் இவர்கள் இருக்கிற பென்டில் ஹில்லில் தமிழர்கள் ஒவ்வொரு வீடாகக் கேக் வெட்டினார்கள். இவர்களும் போய்ப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். ஒருநாள் வரதராஜா டைல்ஸ் பதிக்கிற வேலை முடிந்து, சீமெந்து காய்ந்த கையோடு குசினிக்குள் நிற்கையில் வினுஷா வந்து கேட்டாள்: "அப்பா, எங்களுக்கு எப்ப?" பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். எல்லாருக்கும் கிடைத்து இவளுக்கு மட்டும் இல்லை என்று எந்த வாயால் சொல்வது? "எங்களுக்கும் வந்திட்டுது குஞ்சு," என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். சொன்னதோடு நின்றாரா, அதுவும் இல்லை. மறுநாள் கேக் வாங்கி வந்தார். வெள்ளைக் கிறீமின் மேல் நீல எழுத்தில் வினுஷா என்று எழுதியிருந்தது. யோகராணி அதில் ஒரு துண்டைக்கூட வாயில் வைக்கவில்லை.

"எப்பிடியும் கேஸ் வெல்லுவம். பிறகு பொய்யெண்டு ஒண்டு இல்லைத்தானே," என்று மனைவிக்குச் சமாதானம் சொன்னார். பிள்ளை தலை குனியாமல் வளரவேண்டும், அவ்வளவுதான் அவருடைய நியாயம். அவளும் அப்படித்தான் வளர்ந்தாள். கேஸ்தான் அசையவில்லை.

ஜனவரியில் பள்ளி திறந்ததுமே கெரி எல்லாருடைய பாஸ்போட் விபரத்தையும் கேட்டாள். வரதராஜா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நேரே பள்ளிக்கூடம் போனார். வழி முழுக்க யோசித்து ஒரு வசனத்தைத் தயார் பண்ணியிருந்தார். தங்கள் கலாசாரத்தில் பொம்பிளைப் பிள்ளைகளைத் தனியாக வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை என்று தனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னார். படகில் வந்தவன் என்று தெரிவதைவிடப் பிற்போக்குப் பிடித்தவன் என்று பெயர் எடுப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. கெரி வாக்குவாதம் எதுவும் செய்யவில்லை. இந்த ஆளிடமிருந்து இதைத்தான் எதிர்பார்த்தேன் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். அந்தப் பொய்யை அவள் அவ்வளவு லேசாக நம்பியது வரதராஜாவுக்கு உள்ளுக்குள் சுட்டது. ஆனால் நம்பிவிட்டாளே என்று மூச்சும் வந்தது.

வினுஷா அவரோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டை அறைக்குள் கொண்டுபோய்ச் சாப்பிட்டாள். அவர் ஏதாவது கேட்டால் ஆங்கிலத்தில் ஒரு சொல், அதற்கு மேல் இல்லை. ஆனால் பயிற்சிக்கு மட்டும் ஒருநாளும் தவறாமல் போனாள். அப்பா மனம் மாறுவார் என்று இன்னும் நம்பியிருக்கிறாள் என்பது வரதராஜாவுக்கு விளங்கியது. அதுதான் அவரை அதிகம் வதைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஜெகதீஷும் அவருடைய மனைவி வைதேகியும் வீட்டுக்கு வந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள், இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. அவர்களுடைய மகள் தேஜஸ்வினியும் அதே அணியில் இருக்கிறாள், ஆனால் பயணத்துக்கான பத்துப் பேரில் இல்லை. யாராவது விலகினால் அடுத்த ஆள் அவள். வைதேகி கதிரையில் நுனியில் இருந்துகொண்டு, வந்த விஷயத்தை நேரே போட்டு உடைத்தாள்.

"அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. வினு போகலேன்னா அந்த எடம் எங்க தேஜுவுக்குத்தான். அது தெரிஞ்சேதான் வந்திருக்கேன். எனக்கு அப்படி ஒரு எடம் வேணாம். இவ்வளவு நல்லா ஆடற பொண்ணை வீட்டுல உக்கார வெக்கறது பாவம்ணா."

"அது சரிவராது, தங்கச்சி," என்றார் வரதராஜா.

"தனியா அனுப்பத்தானே பயப்படறீங்க? நான் லீவு போட்டுட்டுக் கூடப் போறேன். என் ரூம்லயே படுத்துக்கட்டும். என் பொண்ணு மாதிரிப் பாத்துக்கறேன்."

இப்படிப்பட்ட நல்ல மனுஷியிடம் மாட்டிக்கொண்டால் தப்பிக்க வழியே இல்லை. வரதராஜா வார்த்தை தேடிக்கொண்டிருக்கையில், அறை வாசலில் வினுஷா வந்து நின்றாள். அவள் தமிழில் பேசினாள். மனம் நிறைந்து வழிந்தால்தான் அவளுக்குத் தமிழ் வரும்.

"தனியப் போகக் கூடாது எண்டு சொன்னனீங்கள். இப்ப அன்ரி வாறா. பேந்து என்ன பிரச்சினை? மெல்பேர்னுக்கு விட்டனீங்கள்தானே? பெல்கிரேட்டில மட்டும் என்ன, பேயா இருக்கு? சொல்லுங்கோ அப்பா. காரணத்தைச் சொல்லுங்கோ."

குசினியிலிருந்து யோகராணி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். தட்டை மேசையில் வைத்தாள். மகளைப் பார்க்காமல் வைதேகியைப் பார்த்துச் சொன்னாள்.

"பிள்ளைக்குப் பாஸ்போட் எடுக்கேலாது. எங்களுக்கு இண்டைவரைக்கும் விசா வரேல்லை."

யாரும் தேத்தண்ணியைத் தொடவில்லை. வைதேகியின் முகத்தில் இருந்த வேகமெல்லாம் வடிந்துவிட்டது. வினுஷா தகப்பனைப் பார்த்தபடியே நின்றாள்.

"அப்ப அந்தக் கேக்?" என்று கேட்டாள்.

வரதராஜா நிலத்தைப் பார்த்தார்.

"அந்தப் பார்க்? வளையம் இருந்த பார்க்?"

"அது வில்லாவுட்," என்றார் அவர். "காம்ப். எங்களை வேலிக்குள்ள வச்சிருந்தவங்கள். முற்றத்தில ஒரு வளையம் இருந்தது."

"நான் இப்ப வெளிநாட்டுக்குப் போனால் என்ன செய்வாங்கள்?"

"போக விடுவாங்கள், பிள்ளை. திரும்பி வரத்தான் விடமாட்டாங்கள்."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அழுதால் பிடித்துக்கொள்ளலாம் என்று எழும்பியும் நின்றார். அவள் அழவில்லை. கோச் ஆட்டத்தின் நடுவே ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்வாளே, அப்படித் தலையை ஆட்டினாள். பிறகு வைதேகியிடம், "அன்ரி, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. தேஜுவுக்கும் சொல்லாதேங்கோ," என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

அதன்பிறகு வைதேகி இந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்து என்ன செய்வது? அந்த இடம் தேஜஸ்வினிக்குப் போனது. வேண்டாம் என்று சொன்ன இடம் மடியில் வந்து விழுந்தால் யார்தான் தூக்கி எறிவார்கள்? இவர்களைக் கடையில் கண்டால் வைதேகி மரக்கறிப் பக்கமாக மெல்ல விலகிப் போனாள். வினுஷாதான் தினமும் பயிற்சி முடிந்த பிறகும் நின்று, தேஜஸ்வினிக்குத் தன் இடத்தில் நின்று எப்படி ஆடுவது என்று சொல்லிக்கொடுத்தாள்.

ஏப்ரலில் அணி புறப்படும் நாள், தன்னை விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். யோகராணி வரமாட்டேன் என்றுவிட்டாள். பச்சையும் மஞ்சளும் போட்ட புது உடுப்பில் பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். வினுஷா வீட்டு உடுப்போடு அவர்களுக்கு நடுவில் போய், ஒவ்வொருத்தியாகக் கட்டிப்பிடித்தாள். அணியோடு போகிற வைதேகி பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்ப்பதும் விடுவதுமாக இருந்தாள்.

கெரி வரதராஜாவிடம் வந்தாள். சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் பேசினாள். "மிஸ்டர் ராஜா, இத்தனை வருடத்தில் நான் பழக்கியவர்களில் இவளைப் போல ஒருத்தி இல்லை. நீங்கள் அதைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்று நினைத்தேன்."

வரதராஜா ஒரு அடி முன்னால் வந்தார். போதும் என்று இருந்தது. இந்த வேஷம் போதும், எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவோம், என்ன வந்தாலும் வரட்டும். பிற்போக்குப் பிடித்தவன் என்று வாங்கிய பெயர் அன்றைக்குத்தான் அவருக்குத் தாங்க முடியாமல் கனத்தது.

"நோ மிஸ்," என்று தொடங்கினார். "நொட் கல்ச்சர். வீ ஹாவ் நோ..."

வினுஷாவின் கை வந்து அவருடைய கையை இறுக்கிப் பிடித்தது. நகம் பதிந்தது. அவள் கெரியைப் பார்த்துச் சிரித்தாள். அப்பா பழைய காலத்து ஆள், என்னதான் செய்வது, இன்னும் ரெண்டு வருஷத்தில் அவரைத் திருத்திவிடுவேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை, குரல் நடுங்கவில்லை. கெரியும் சிரித்து அவளுடைய தோளில் தட்டினாள். வைதேகி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வரதராஜா மகளின் முகத்தைப் பார்த்தார். அந்தச் சிரிப்பு அவருக்குத் தெரியும். குசினியில் சீமெந்துக் கையோடு நின்று அவர் சிரித்த அதே சிரிப்பு. தலை குனியக்கூடாது என்று வளர்த்த பிள்ளை, தலை நிமிர்ந்து நின்று பொய் சொன்னாள். அந்த இடத்திலேயே குந்தியிருந்து அழலாம் போல இருந்தது அவருக்கு. இந்தமுறை யாரும் டிஷ்யூ நீட்டமாட்டார்கள்.

அணி உள்ளே போய் மறைந்தது. இருவரும் காரில் ஏறி நெடுஞ்சாலையைப் பிடித்தார்கள்.

"ஏன் பிள்ளை மறிச்சனீ?" என்று கடைசியில் கேட்டார். "நான் உண்மையைச் சொல்லத்தானே வெளிக்கிட்டனான்."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் ஆங்கிலத்தில் வரும் என்று நினைத்தார். தமிழில் வந்தது.

"சொன்னால் என்னைப் பாவம் பார்ப்பாங்கள் அப்பா. உங்களில கோபப்பட்டால் படட்டும். என்னைப் பாவம் பார்க்க வேண்டாம்."

பென்டில் ஹில்லுக்குள் திரும்பியபோது அந்தக் கேக் கடையைத் தாண்டினார்கள். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அவங்கள் வெண்டு வந்தால் கேக் வாங்கோணும்."

"வாங்குவம் குஞ்சு, கட்டாயம் வாங்குவம்," என்றார் வரதராஜா. எதையாவது செய்யக் கிடைத்ததே என்று மனிதருக்கு அவசரம். "பெரிசா வாங்குவம். நீல எழுத்தில வடிவா எழுதுவிப்பம்."

"எழுதுவியுங்கோ," என்றாள் வினுஷா. "எல்லாற்ற பேரையும் எழுதுவியுங்கோ. என்ர பேர் மட்டும் வேண்டாம்."