நிறுத்தச் சொன்ன படகு

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். கடலைத் தினமும் பார்த்தாரே தவிர, அதில் இறங்க ஆசைப்பட்டதில்லை. மீன் பைத்தியமெல்லாம் அவர் மனைவிக்குத்தான். கணக்கு டீச்சராக இருந்த காலத்திலேயே லீவு விட்டால் தூண்டிலோடு கிளம்பிவிடுவாள். சனி ஞாயிறுகளில் ஆழ்கடலுக்குப் போய்வர ஒரு படகு செய்யச் சொல்ல வேண்டும் என்று பல வருஷமாக நச்சரித்தாள். அவரும் ஒருவழியாகத் தலையாட்டினார்.

படகின் கூடு தயாரானதும் அவள் படகு கட்டும் பட்டறையே கதி என்று கிடந்தாள். தூண்டில் கோல்களைச் செருகும் குழாய்கள் எவ்வளவு சாய்வாக இருக்க வேண்டும், இரைமீன்களை உயிரோடு விட்டுவைக்கும் தொட்டிக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று மேஸ்திரியை உண்டு இல்லை என்று ஆக்கினாள். பெரிய மீனோடு மல்லுக்கட்டும் நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்து, கால் எட்டவில்லை என்று மிதிபலகையைத் திரும்பத் திரும்ப மாற்ற வைத்தாள். டீச்சரிடம் பாஸ் மார்க் வாங்குவதற்குள் தலை நரைத்துவிடும் போலிருக்கிறது என்று மேஸ்திரி கிரேன்காரரிடம் முறையிட்டார்.

முதுகுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கணையத்தில் கட்டி, பரவிவிட்டது என்றார்கள்.

மறுநாள் அவளிடம் சொல்லாமலே அவர் பட்டறைக்குப் போய் வேலையை நிறுத்தச் சொன்னார். அவள் வலியில் சுருண்டு கிடக்கும்போது படகுக்கு விளக்கு பொருத்திக்கொண்டிருப்பது அவருக்கு அசிங்கமாகப் பட்டது. மேஸ்திரி படகைத் தார்ப்பாய் போட்டு மூடினார்.

படகின் இருக்கை மெத்தைக்கு எந்தக் கலர் என்று சொல்ல அவளே மேஸ்திரிக்குப் போன் போட்டபோது விஷயம் தெரிந்துவிட்டது. கிரேன்காரர் மாத்திரையோடு அறைக்குள் வந்தார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"நான் வரமாட்டேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

அப்படியில்லை, உன்னை விட்டுவிட்டு அங்கே போய் நிற்க மனசு வரவில்லை என்று அவர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவள் அழவில்லை.

"டாக்டர் சொன்னப்போகூட எனக்கு இப்படி இல்லைங்க."

போட்ட சட்டையோடு பட்டறைக்கு ஓடினார். கூரைக்குக் கீழே வேறு படகு ஏறியிருந்தது; இவர்கள் படகு வெளியே கிடந்தது. மேஸ்திரி அங்கே வெயிலிலேயே ஆட்களை வைத்து வேலையை மறுபடி தொடங்கினார். நடப்பதையெல்லாம் கிரேன்காரர் போனில் படம் எடுத்துவந்து காட்டுவார். முதலில் அவள், அந்தத் திருகாணி நல்ல ஸ்டீல்தானா, துருப்பிடிக்காதா என்று கேட்டாள். பிறகு பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு போனை வாங்கவேயில்லை. எஞ்சின் ஏற்றும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

படகை விற்றுவிடச் சொன்னான் மகன். அவர் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை மேஸ்திரியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கரை மறையும் தூரம் போனார். மேஸ்திரி போட்ட தூண்டிலில் ஏதோ பெரிதாக மாட்டி, நூல் கிறீச்சிட்டு ஓடியது. மேஸ்திரி கோலை அவர் கையில் கொடுத்தார். எப்போது இழுப்பது, எப்போது விட்டுக்கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மூச்சைப் பிடித்து இறுக்கியதில் நூல் அறுந்தது.

புதுசுதானே, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று மேஸ்திரி தேற்றினார். கிரேன்காரர் கோலை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நிறுத்தச் சொல்றதுக்கு முன்னாடி அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், மேஸ்திரி."

திரும்பிப் போகலாமா என்று மேஸ்திரி கேட்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, அவர் அழுது முடிக்கட்டும் என்று முன்பக்கம் கயிறு சுருட்டப் போனார்.