அப்பாவின் கைத் தீட்டு

அக்கா சரசுவின் கல்யாணம் ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போயிருந்தது. மூன்று வீடு தள்ளி இருக்கும் பெரியப்பா ஜெயவேலுவுக்குப் பேத்தி பிறந்துவிட்டாள். பங்காளி வீட்டுப் பிறப்பு என்றால் எங்களுக்கும் தீட்டு. தீட்டோடு திருநீர்மலைக் கோயிலில் எப்படித் தாலி கட்டுவது? மாப்பிள்ளை லோகநாதனின் அம்மா இரண்டாவது தேதியைக் குறித்துக் கொடுத்துவிட்டு, "இதுவும் தட்டிப்போச்சுன்னா நாங்க பல்லாவரத்துல வேற எடம் பார்த்துக்குறோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாடி அறையில் அந்தோணிசாமி குடியிருந்தார். பொத்தேரியில் கல்லூரியில் படிப்பவர். கடல்பாசி காய்ச்சி ஊற்றிய கண்ணாடித் தட்டு ஒன்றை அவர் கொண்டுவந்திருந்தார். எந்தக் கை தொட்டாலும் அதில் கிருமி வளரும் என்றார். அப்பாவுக்குக் கோபம் வந்தது.

"இந்தத் தட்சிணாமூர்த்தி கையில கிருமியா? மூணு வேளையும் சோப்பு போடுறவன்யா நானு" என்று ஐந்து விரலையும் தட்டில் அழுத்தினார்.

இரண்டு நாள் கழித்து அந்தோணிசாமி அப்பாவை மாடிக்கு அழைத்துக் காட்டினார். தட்டில் அப்பாவின் கை அப்படியே முளைத்திருந்தது. விரல் விரலாக, வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள்.

"பயப்படாதீங்க சார், எல்லார் கையிலயும் இருக்கும். பாதிக்கு மேல நல்லதுதான். தயிர் உறையுறதே இந்த மாதிரி பாக்டீரியாவாலதான். வயித்துலயும் இருக்கு, சோறு செரிக்க ஒத்தாசை பண்ணும். சிலது மட்டும் பேதி, டைபாய்டுன்னு படுத்தும்."

அப்பா புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு நாள்ல இத்தினி எங்கேர்ந்து வந்துச்சு?"

"பிறந்துக்கிட்டே இருக்கும் சார். அரை மணிக்கு ஒரு தலைமுறை."

அப்பா கையைத் தூக்கிப் பிடித்தபடியே படியிறங்கி வந்தார். அம்மா கங்கையம்மாள் குழம்பு கொதிக்க வைத்திருந்தாள்.

"கல்யாணத்தை நிறுத்து. வூட்டுல பொறப்புத் தீட்டு."

"யாருக்குய்யா பொறந்துச்சு?"

"எனக்குத்தான்."

அம்மாவின் கையிலிருந்த கரண்டி குழம்புக்குள் போய்விட்டது.

விஷயத்தைக் கேட்டு முடித்ததும் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "இத்தினி வருசமா மலை ஏறினியே, அப்போல்லாம் அதுங்க பொறக்கலியா?"

"தெரியாம ஏறினது வேற. என் கையில பொறந்தா என் பங்காளிதானே? இந்தக் கையால எப்படி தாரை வார்ப்பேன்? அரை மணிக்கு ஒருவாட்டி பொறக்குதாம். இது எந்தக் காலத்துலடி கழியும்?"

அம்மா அழத் தொடங்கினாள். அக்கா அழவில்லை. மாடிக்குப் போய் அந்தோணிசாமியைக் கையோடு அழைத்து வந்தாள்.

"அண்ணா, இதுங்களுக்கு அம்மா அப்பா உண்டா?"

"கிடையாது. ஒண்ணு வளரும், நடுவுல தடுப்பு விழும், ரெண்டாயிடும். அவ்வளவுதான்."

அக்கா அப்பாவின் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கினியா? பிரசவமே கிடையாது. நீயும் பெரியப்பாவும் நெலத்துக்கு நடுவுல சுவர் வச்சிப் பாகம் பிரிச்சிக்கினீங்களே, அப்போ தீட்டு காத்தீங்களா?"

அப்பா வெகுநேரம் யோசித்தார். பாகப் பிரிவினைக்குத் தீட்டு கிடையாது. எங்கள் முடிச்சூர் முழுக்க நிலம் பிரிந்துகொண்டுதான் இருந்தது, யாரும் கோயிலுக்குப் போகாமல் இல்லை. முகம் தெளிந்து, கொல்லைக் குழாயடிக்குப் போய் சோப்பை எடுத்தார். அப்படியே நின்றார்.

"தம்பி, சோப்பு போட்டா இதுங்க இன்னா ஆவும்?"

"பாதி தண்ணியோட போயிடும், மீதி செத்துடும் சார்" என்றார் அந்தோணிசாமி. அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

சோப்பு கீழே விழுந்தது. சாவுத் தீட்டு பிறப்புத் தீட்டைவிடப் பெரியது.

அன்று முதல் அப்பா வலது கையைக் கழுவவில்லை. ஸ்பூனால் சாப்பிட்டார். இடது கையை மட்டும் கழுவினார். அது வேறு குடும்பம் என்றார். அந்தோணிசாமி கெஞ்சிப் பார்த்தார். அக்காதான், "தாலி ஏறுற வரைக்கும் வுட்டுடுங்கண்ணா" என்றாள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தாரை வார்க்கும்போது ஐயர் ஊற்றிய நீர் விரலில் படாதபடி அப்பா கையை அப்படி இப்படி வளைத்தார். ஒருவருக்கும் தெரியவில்லை. பந்தியில் சந்தோஷம் தாங்காமல் அவரே இனிப்புத் தட்டை வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளை இலையில் தொடங்கி வரிசையாக எல்லோருக்கும் கையால் ஜாங்கிரி வைத்தார். அந்தோணிசாமி இலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

"இன்னா தம்பி, வேணாமா?"

"சனிக்கிழமை விரதம் சார்."

"நீ வேதக்காரனாச்சே!"

"இன்னிக்கு மட்டும் சார்."

மறுநாள் காலை எங்கள் வீட்டுக் கக்கூஸ் வாசலில் மாப்பிள்ளை, அவர் அம்மா, பெரியப்பா ஜெயவேலு, அம்மா என்று வரிசை நின்றது. அக்கா உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை டம்ளர் டம்ளராகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஸ்பூனால் சாப்பிட்ட அப்பா திடமாக இருந்தார்.

"என் கையில இருந்ததா இவங்க வயித்துக்குப் போயிருக்குது?" என்று அந்தோணிசாமியிடம் கேட்டார். அவர் தலையாட்டினார்.

அப்பாவின் முகம் முதலில் மலர்ந்தது. பிறகு மெல்ல மாறியது. "அப்போ என் பங்காளிங்க மாப்பிள்ளை வயித்துக்குள்ள கீறாங்க. மாப்பிள்ளையும் பங்காளின்னா சரசுவுக்கு அண்ணன் முறையில்ல ஆவுது? பங்காளிக்குள்ள எப்படி…"

மாப்பிள்ளையின் அம்மா வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

அக்கா டம்ளரை வைத்துவிட்டு அப்பாவின் வலது கையைப் பிடித்தாள். குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய், புதுத் தாலி முன்னால் ஆட, நகக்கண் வரை சோப்பு போட்டுத் தேய்த்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

அந்த வருடப் புரட்டாசியில் அவர் ஒரு சனிக்கிழமைகூட மலை ஏறவில்லை. கேட்டவர்களிடம் பங்காளி வகையில் சாவு என்று சொன்னார். மூன்று வீடு தள்ளி, பெரியப்பா வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.