பேசாத போனுக்குக் காசில்லை

தவளை தன் வாயாலே கெடும் என்பார்கள். தவளையாவது மழை வந்தால்தான் கத்தும். எனக்கு அதுவும் வேண்டாம், யாராவது என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தால் போதும். தமிழ்மாறன் அண்ணன் சிரித்தார், நான் கெட்டேன்.

நான் நுஸைபா. கூத்தாநல்லூரில் வீட்டில் இருந்தபடியே கடைக்காரர்களுக்கு கூகுள் விளம்பரம் பார்த்துக் கொடுக்கிறேன். யாராவது போனில் எதையாவது தேடினால் என் ஆளின் விளம்பரம் மேலே வரும். அதைத் தொட்டால் என் ஆளின் கணக்கில் காசு குறையும். தொடுகிற கை வாங்குகிற கையாக இருக்க வேண்டும், அதைப் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குக் கூலி.

என் வீட்டுக்காரர் ஃபாஜில் கத்தாரில் ஏசி மெக்கானிக். லீவில் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் விமானம். வந்த புதிதில் அவரைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒளிந்த எங்கள் மகள் ஆயிஷா, இப்போது அவர் கை மேல்தான் தூங்குகிறாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவரை அனுப்ப மனசே வரவில்லை.

"ஒரே ஒரு கிளையன்ட் வருஷம் பூரா நிலையா நின்னா போதும் நுஸைபா. டிக்கெட்டக் கேன்சல் பண்ணிடுறேன். இங்கயே ஏசி பாத்துப் பொழச்சுக்குவேன்" என்று அவர் சொல்லியிருந்தார்.

அந்த ஒரே ஒரு கிளையன்ட் தமிழ்மாறன். மன்னார்குடி சாலையில் ஷெட் போட்டு, அறுவடை மெஷின் வாடகைக்கு விடுகிறவர். சேற்றிலும் இறங்குகிற பெல்ட் மெஷின்கள், அறுத்து முடித்தால் வைக்கோல் கட்டும் மெஷின், அப்புறம் உழவுக்கு டிராக்டர் என்று வருஷம் முழுக்க வேலை உள்ள மனிதர். புரோக்கர்களுக்குக் கமிஷன் அழுது அலுத்துப்போய் என்னிடம் வந்தார்.

மாதம் இருபதாயிரம் கேட்டேன். அப்போதுதான் சிரித்தார்.

"மெஷின் ஓடுனாத்தாம்மா எனக்கே காசு. ஒனக்கு மட்டும் சும்மா ஒக்காந்திருந்தாலும் சம்பளமா?"

சும்மாவா! எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "அப்ப ஒரு போனுக்கு இருநூறு ரூபா குடுங்கண்ணே. அதுவும் ஒரு நிமிஷத்துக்கு மேல பேசுனாத்தான் கணக்கு. பேசாத போனுக்குக் காசே வேணாம், போங்க!" என்று படபடவென்று பொரிந்து, அதை அப்படியே தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஒரு மாதம் பார்ப்பது, திருப்தியாக இருந்தால் வருஷத்துக்குப் பேசுவது. அந்த மாதம் வெள்ளிக்கிழமை முடிந்தது, விமானத்துக்கு இரண்டு நாள் முன்னால்.

விளம்பரத்துக்கென்று தனியாக ஒரு நம்பர் வாடகைக்கு எடுத்திருந்தேன். அதில் கூப்பிட்டால் அவர் போனில் அடிக்கும். யார் கூப்பிட்டார், எவ்வளவு நேரம் பேசினார் என்பது என் லேப்டாப்பில் விழும். ஒரு நிமிடத்துக்கு மேல் பேசியவர்களை மட்டும் காட்டும்படி வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு திறந்து பார்த்தேன்.

ஒன்பது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஒன்பதேதான். தை மாதம், ஊரெல்லாம் கதிர் சாய்ந்து கிடக்கிறது, ஒன்பது பேரா? அப்போது தமிழ்மாறனே கூப்பிட்டார்.

"ஒம்பது போனும்மா. ஆயிரத்து எண்ணூறு ரூபா எடுத்து வச்சிருக்கேன், வந்து வாங்கிக்க. வருஷக் கணக்கெல்லாம் நமக்கு வேணாம்."

போனை வைத்த பிறகு அழுதேன். மூக்கைச் சிந்தும்போதுதான் உறைத்தது. அந்தக் குரலில் கோபமே இல்லையே! விளம்பரத்துக்கு நாற்பதாயிரம் கொட்டிய மனுஷன், ஒன்பது போன்தான் வந்தது என்றால் என் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்ட வேண்டாமா? இவர் என்னவோ விருந்து சாப்பிட்ட குரலில் பேசுகிறார்.

"வண்டிய எடுங்க மச்சான்" என்றேன் ஃபாஜிலிடம்.

ஷெட்டில் ஒரு மெஷின்கூட இல்லை. சிமெண்ட் தரையில் சேற்றுத் தடம் மட்டும் இருந்தது. கடலில் தாழ்வு மண்டலம், திங்கள்கிழமை மழை என்று செய்தி சொல்லியிருந்ததால் எல்லாம் வயலில் கிடந்தன.

"நிக்க நேரமில்லம்மா. நாளைக்கு ஆத்தூர்லேருந்து இன்னும் நாலு மெஷின் எறக்குறேன். அட்வான்ஸ் குடுத்தாச்சு" என்றார் தமிழ்மாறன்.

"ஒம்பது போனுக்கா அண்ணே இத்தன மெஷினும் ஓடுது?"

"பழைய பார்ட்டிங்கம்மா" என்று சொல்லி வாய் மூடவில்லை, மேஜை மேல் இருந்த போன் ஒரே ஒரு தடவை அடித்து நின்றது. அவர் நிதானமாக எடுத்து அந்த நம்பருக்கே திருப்பிப் போட்டார். "வணக்கம்ண்ணே, கூப்புட்டிருந்தீங்களே... ஆமாங்க, பெல்ட்டு மெஷினுதான்... எந்த ஊருங்க?" பேசி முடித்து வைப்பதற்குள் இன்னொன்று. ஒரு ரிங், கட்.

"ஏண்ணே எல்லாரும் ஒரே ரிங்கில வச்சுடுறாங்க?" ஃபாஜில்தான் கேட்டார்.

"கத்தாருக்குப் போயி ஊரே மறந்துபோச்சா தம்பி? போன் போட்டவன் கேட்டுக்கிட்டு வந்தவன் ஆயிடுவான். மணிக்கு மூவாயிரம்னா மூவாயிரம்தான். மிஸ்டு கால் குடுத்துட்டா நாம கூப்புடணும், அப்ப அவன் ரேட்டக் கொறைப்பான். ரீசார்ஜெல்லாம் எல்லார்கிட்டயும் இருக்கு தம்பி. இது வேற கணக்கு."

அடப் பாவி மனுஷா! நின்ற இடத்திலேயே என் போனில் கணக்கைத் திறந்து அந்த ஒரு நிமிட வடிகட்டியை எடுத்துவிட்டேன். வரிசை இறங்கியது. விரலால் தள்ளத் தள்ள இறங்கிக்கொண்டே இருந்தது. வடுவூர், நீடாமங்கலம், கோட்டூர், எல்லாம் ஒரு ரிங், இரண்டு ரிங். முந்நூறுக்கு மேல். அத்தனை பேரும் நான் வரவழைத்த ஆட்கள்.

"இது ஒங்களுக்குத் தெரியும்தானே அண்ணே?"

"தெரியும். நீ கேக்கல, நான் சொல்லல." சட்டைப் பையிலிருந்து நான் எழுதிய தாளை எடுத்து நீட்டினார். "பேசாத போனுக்குக் காசில்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நீதானம்மா?"

நான்தான். வாயைத் திறந்தேன். அன்றைக்கு என் வாயில் வந்து நின்ற வார்த்தைகளை எழுத முடியாது. ஆனால் போன் போட்டவன் கேட்டுக்கிட்டு வந்தவன் என்று அந்த மனுஷர் சொன்னது காதில் அப்படியே நின்றது. பைக் ஏறி வந்து நிற்பது யார்? நான். முதலில் பேசியது யார்? அதுவும் நான்.

வந்ததை விழுங்கிவிட்டு ஆயிரத்து எண்ணூறை வாங்கிக்கொண்டேன். "இன்னியோட நம்ம கணக்கு முடிஞ்சுதுங்களா அண்ணே?"

"முடிஞ்சுதும்மா."

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் விளம்பரத்தை நிறுத்தினேன். நம்பரை நிறுத்தவில்லை. ஏற்கெனவே அதைக் குறித்து வைத்திருப்பவர் மழைக்கு முன்னால் கூப்பிட வேண்டுமே, நெல் என்ன பாவம் செய்தது?

சனிக்கிழமை காலையில் ஃபாஜில் அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டினார். ஆயிஷா அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

"கூப்ட்டுப் பேசேன்" என்றார்.

"கூப்ட்டா ரேட்டு எறங்கிடும்."

தமிழ்மாறன் போனுக்கு ஒரே ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணினேன்.

பதில் இல்லை. சோறு வடித்தேன், குழந்தைக்கு ஊட்டினேன், போன் வாய் திறக்கவில்லை. மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னார்கள். வேறு யாரையாவது பிடித்துவிட்டாரோ? புரோக்கரிடமே போய்விட்டாரோ? என் ரோஷத்தால் என் பிள்ளைக்கு அப்பனில்லாமல் ஆக்குகிறேனோ? இரண்டு முறை அவர் பெயரை எடுத்து, அழுத்தப் போய் விரலை இழுத்துக்கொண்டேன். யா அல்லாஹ், அழுத்தாமல் இருப்பது இவ்வளவு கஷ்டமா!

தொழுகை முடிந்து ஃபாஜில் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது போன் அடித்தது.

"மிஸ்டு கால் குடுத்திருந்தியேம்மா?"

"ஆமாண்ணே." அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"நாலு மெஷினும் வந்து நிக்குதும்மா. வெளம்பரம் அதுபாட்டுக்கு ஓடும்னு இருந்துட்டேன், காலையிலேருந்து புது ஆளு ஒருத்தரும் கூப்புடல. மழ வேற வருதுங்குறான்."

நான் பேசவில்லை.

"சரி, பழையபடியே வச்சுக்குவம். மிஸ்டு காலுக்கும் அம்பது ரூபா சேத்துக்க."

நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"இருக்கியாம்மா? சரி விடு, நீ மொதல்ல கேட்ட இருவதாயிரம்."

ஃபாஜில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருவத்தஞ்சு அண்ணே. ஒரு வருஷத்துக்கு. மூணு மாசம் முன்பணம்" என்றேன்.

இப்போது அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. என் ஆயுசில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்த மிக நீண்ட நேரம் அதுதான். அந்தப் பக்கம் ஷெட்டில் யாரோ இரும்பைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"அனுப்புறேன். மொதல்ல போன அடிக்க விடும்மா" என்றார்.

பணம் வந்து சேர்ந்த செய்தியைப் பார்த்த பிறகுதான் விளம்பரத்தைத் திறந்துவிட்டேன். திரும்பினால் ஃபாஜில் கத்தரிக்கோலோடு நிற்கிறார். ஆயிஷா பெட்டியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள்.

"எறங்கும்மா, அத்தா கயித்த அறுக்கணும்."

"அறுத்துட்டு மறுபடியும் கட்டுவீங்களா அத்தா?"

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டார். அவருக்கும் சேர்த்து நான்தான் சொன்னேன், "இல்லடி" என்று.