முன் சீட்டு

போன ஆனி மாதம் எங்கள் ஊர்க் கல்லூரி ஒன்றில் என்னை மேடையேற்றி, கதை எழுதுவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். "வேண்டாததை வெட்டுங்கள். வெட்டத் தெரிந்தவர்தான் எழுத்தாளர்" என்றேன். கைதட்டினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் பொன்னாடையை இப்போது பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அடுத்த தொடரில் நான் வெட்டியது ஒரு பெண்ணின் வாந்தியை. அதோடு அவள் நிம்மதியும் போயிற்று.

நான் மெஹ்ரின். போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரி சவுகத் அலியின் மனைவி என்றால் நாலு பேருக்குத் தெரியும். செல்போன் செயலியில் மர்மமும் காதலும் கலந்து தொடர்கதை எழுதுகிறவள் என்றால் நாலாயிரம் பேருக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்கு இந்தக் கணக்கு அவ்வளவாகப் பிடிக்காது. இதுவரை பதினோரு தொடர்கள். எல்லாவற்றிலும் மலை உண்டு, மழை உண்டு, ஒரு பிணம் உண்டு, கொன்றது இவள்தானோ என்று சந்தேகப்பட ஓர் அழகி உண்டு. இத்தனைக்கும் மலைப்பாதை என்றாலே எனக்குப் பயம். போடிமெட்டுப் பாதையில் ஏறிப் போய் எதையும் பார்த்து எழுதியவள் இல்லை.

மலைதான் என் வீட்டுக்கு வரும். பின்னால் இருக்கும் ஷெட்டில் ஞாயிற்றுக்கிழமை பத்துப் பெண்கள் உட்கார்ந்து ஏலக்காயைத் தரம் பிரிப்பார்கள். பெருசு தனி, சிறுசு தனி, வெடித்தது தனி. கைக்கு மட்டும்தான் வேலை என்பதால் நடுவில் ஒரு போனை வைத்து என் தொடரை ஓடவிடுவார்கள். செயலியே வாசித்துக் காட்டும். அது ஓடாத நேரத்தில் அவர்கள் பேசுவதை, டீ கொடுக்கிற சாக்கில் நான் உட்கார்ந்து கேட்பேன். அவர்களிடம் வாங்கியதைத்தான் சாயம் பூசி அவர்களுக்கே விற்றுக்கொண்டிருந்தேன்.

அதில் அதிகம் பேசுகிறவள் ஜோதி. ராசிங்காபுரத்துக்காரி, வயது இருபத்தாறு. வாரத்தில் ஆறு நாள் விடிந்ததும் ஜீப்பில் மேலே ஏறி ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பாள். ஏழாம் நாள் என் ஷெட். புருஷன் ஜெகதீஷுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. சித்திரைத் திருவிழாவுக்கு வந்து போனவன் இனி தீபாவளிக்குத்தான் வருவான். கல்யாணமாகி ஐந்து வருடம், பிள்ளை இல்லை.

"பதினேழு வளைவுக்கா. மூணாவதுலயே எனக்குக் கொடலு வாய்க்கு வந்துரும்" என்று ஒருநாள் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். "மொத நாளே சுகன்யாக்கா மடியில எடுத்துட்டேன். 'ஆத்தா, நீ முன்னாடி போயி உக்காரு, எங்க சீலையக் காப்பாத்து'ன்னு எல்லாருமாச் சேந்து தள்ளி விட்டுட்டாங்க. முன்னாடி உக்காந்து ஒரு எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டே போனா ஒண்ணும் செய்யாது. ரெண்டு வருசமா எடுக்கவே இல்ல."

முன் சீட்டில் மூன்று பேர். டிரைவர் வெள்ளைத்துரை, நடுவில் வாய் நிறையப் புகையிலையோடு பெரியகருப்பன் என்ற வயசாளி, ஓரத்தில் எலுமிச்சம்பழத்தோடு ஜோதி.

இந்த ஆடியில் வெள்ளைத்துரை காணாமல் போனான். பெண்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டுத் திரும்பியவன் ஊர் வந்து சேரவில்லை. பதினோராவது வளைவில் ஜீப் ஓரமாக நின்றிருந்தது. சாவி அதிலேயே இருந்தது, ஆள் மட்டும் இல்லை. போலீஸ் தேடிக் களைத்தது, ஊர் ஆளுக்கொன்று சொன்னது. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. பன்னிரண்டாவது தொடருக்கு ஒன்றும் கிடைக்காமல் நான் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது.

ஆவணியில் ஆரம்பித்தேன். ஜோதி பூங்கொடி ஆனாள், வெள்ளைத்துரை அமுதன் ஆனான். ஜீப், பதினோராவது வளைவு, முன் சீட்டு, எலுமிச்சம்பழம் எல்லாம் அப்படியே வந்தன. வெட்டியது இரண்டே இரண்டு. ஒன்று பெரியகருப்பன், காதலர்களுக்கு நடுவே புகையிலை வாடையோடு ஓர் ஆள் எதற்கு? இன்னொன்று வாந்தி. தமிழ்க் கதையில் ஒரு பெண் வாந்தி எடுத்தால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான், பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இரண்டாம் அத்தியாயத்திலேயே கதாநாயகி வாந்தி எடுத்தால் வாசகர்கள் விரல்விட்டு மாதத்தை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் என் பூங்கொடி வாந்திக்குப் பயந்து முன் சீட்டில் உட்காரவில்லை, காதலித்ததால் உட்கார்ந்தாள். எலுமிச்சம்பழத்தை அவள் முகர்ந்துவிட்டு அவனிடம் கொடுத்தாள். தலைப்புக்குக் கீழே 'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது' என்று ஒரு வரியும் போட்டேன். அதற்கு எப்போதும் கூட்டம் சேரும், இந்தத் தடவையும் சேர்ந்தது.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, மற்றவர்கள் போன பிறகும் ஜோதி ஷெட்டிலேயே நின்றாள்.

"நாளையிலருந்து பின்னாடி ஏறிக்கன்னு சொல்லிட்டாங்கக்கா. புது டிரைவரு ஜக்கையண்ணனும், 'எனக்கெதுக்கும்மா வம்பு'ங்கிறாரு. ஊரு பூராப் பேச்சா இருக்கு. தீவாளிக்கு அவரு வர்றாரு, அதுக்குள்ள இது அடங்கணும். நாளைக்கு ஜீப்புல வந்து, அது நீங்க கட்டுன கதைன்னு உங்க வாயால ஒரு வார்த்த சொல்லிருங்கக்கா. நீங்க சொன்னா கேப்பாங்க."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் நான் கிளம்பும்போது வீட்டுக்காரர், "மறுபடி எதையாச்சும் பொறுக்கவா போற? எழுதுன வரைக்கும் பத்தாதா?" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

ஜீப்பைச் சுற்றி நின்ற பெண்கள் என்னைப் பார்த்ததும் கல்யாண வீட்டுக்கு ஆள் வந்தது மாதிரி ஆனார்கள். "எழுத்தாளரக்கா வந்திருக்காங்க, வழி விடுங்கடி!" என்று சுகன்யா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முன் சீட்டைக் காட்டினாள். அது ஜோதியின் இடம் என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்கு வளைவுகளை நினைத்துப் பயம். அதைவிட, அந்த மரியாதை பிடித்திருந்தது. ஏறி உட்கார்ந்தேன். ஜோதி பின்னால் கடைசி ஆளாக ஏறினாள்.

மலையடிவாரத்தில் முந்தலில் டீக்கு நிறுத்தினார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினேன். "எல்லாரும் கேளுங்க. நான் எழுதுனது பூராவும் கற்பனை. ஜோதிக்கும் வெள்ளைத்துரைக்கும் ஒண்ணுமே கெடையாது."

சுகன்யா பாசமாகச் சிரித்தாள். "அக்கா, பதினோராவது வளைவு கற்பனையா? எலுமிச்சம்பழம் கற்பனையா? நீங்க இந்த ஜீப்புல ஏறுனதே இன்னைக்குத்தான். அவ சொல்லாம உங்களுக்கு எப்படித் தெரியும்? உண்மைச் சம்பவம்னு மேல போட்டதும் நீங்கதான? பாவம், அவளக் காப்பாத்த வந்திருக்கீங்க. தங்கமான மனசு உங்களுக்கு."

"நடுவுல பெரியகருப்பண்ணன் இருந்தாருல்ல, அவரக் கேளுங்க."

பெரியகருப்பன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நான் ஏறுனதும் தூங்கிருவேன்த்தா. எனக்கென்ன தெரியும்?"

"அவ முன்னாடி உக்காந்தது வாந்திக்காக! நீங்கதான அனுப்புனீங்க? நான்தான் அத எழுதாம விட்டுட்டேன்."

"என்னைக்கோ ஒரு நா எடுத்தா. ரெண்டு வருசமா எங்க எடுத்தா?" என்றாள் சுகன்யா. "சரி, ஏறுங்க, வெரசாப் போகணும். சோலி கெடக்கு."

ஏறினோம். நாலாவது வளைவில் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஐந்தாவதில் பெண்கள் கூச்சல் போட, ஜக்கையன் ஜீப்பை ஓரம் கட்டினான். நான் இறங்கிப் போனபோது ஜோதி சாலையோரக் கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். இப்போதாவது நம்புவார்கள் என்றுதான் நான் நினைத்தேன், அவ்வளவு முட்டாள் நான்.

யாரும் முகம் சுளிக்கவில்லை. சுகன்யா அவள் முதுகை நீவிவிட்டபடி, மெதுவாக, அக்கறையாகக் கேட்டாள். "எத்தன நாளாடி இப்படி இருக்கு?"

அவளுக்குப் பின்னால் நின்ற ஒருத்தி விரல் மடக்கிக்கொண்டிருந்தாள். ஆடி, ஆவணி, புரட்டாசி.

"வளைவுக்கா" என்றாள் ஜோதி. "சத்தியமா வளைவுதான்க்கா."

நானும் கத்தினேன். சுகன்யா, அடம்பிடிக்கிற பிள்ளைக்குத் தலையாட்டுவது போல எங்கள் இரண்டு பேருக்கும் தலையாட்டினாள். ஜோதியின் கையைப் பிடித்து முன் சீட்டில் போய் உட்காரச் சொன்னேன். அவள் அந்தச் சீட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"வேணாங்க. இனிமே அதுல உக்காந்தா நான் மசக்கைக்காரி."

என்னை எப்போதும் அக்கா என்று கூப்பிடுகிறவள் இந்தத் தடவை கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். நான் வாயால் சொன்னதை இவர்கள் நம்பவில்லை, எழுதியதை நம்புகிறார்கள். அப்படியானால் எழுதியே தீர்த்துவிடுவோம் என்று அந்த வாரம் கடைசி அத்தியாயத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். பூங்கொடிக்கு வளைவில் வாந்தி வரும், அதனால்தான் பெண்கள் அவளை முன்னால் உட்கார வைத்தார்கள், நடுவில் ஒரு பெரியவர் இருந்தார், அமுதன் அவளை ஏறிட்டும் பார்த்ததில்லை. பதினோரு தொடர்களிலும் சேர்த்து நான் எழுதாத உண்மையை அந்த ஓர் அத்தியாயத்தில் எழுதினேன். சனிக்கிழமை காலையில் ஏற்றினேன். மதியத்துக்குள் கருத்துகள் குவிந்துவிட்டன. 'வாந்தியா! நான் அப்பவே நினைச்சேன்' என்று முதல் ஆள். 'குழந்தை அமுதனோடதுதானே?' என்று அடுத்த ஆள். 'அந்தக் கிழவர் எதுக்கு, போரடிக்கிறார்' என்று மூன்றாவது ஆள்.

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் ஒன்பது பேர்தான் இருந்தார்கள். போனில் அந்த அத்தியாயம் ஓடியது. வாந்தி வந்த இடத்தில் யாரோ சத்தத்தைக் கூட்டினார்கள். முடிந்ததும் சுகன்யா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பட்டுன்னு சொல்லாம எவ்வளவு நயமாச் சொல்லிட்டீங்கக்கா" என்றாள். எனக்கு அந்த ஏலக்காய்த் தட்டை எடுத்து அவள் மண்டையில் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. அவளைக் கோபித்து என்ன செய்ய? இப்படிக் கேட்க அவளைப் பழக்கியவள் நான்தான்.

என் போன் அடித்தது. ஜோதி.

"அவரு திருப்பூர்லருந்து கூப்பிட்டாரு" என்றாள். "சத்தம் போடல. எத்தனாவது மாசம்னு மட்டும் கேட்டாரு."

"ஆஸ்பத்திரிக்குப் போவோம் ஜோதி. ஒரு சோதனை எடுத்தா தெரிஞ்சிரும். ரிப்போர்ட்டக் கையில கொடுத்துரலாம்."

"ஒண்ணுமில்லன்னு ரிப்போர்ட்டு வந்தா, கலைச்சுட்டாம்பாங்க."

மறுமுனையில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"சாயங்காலம் திருப்பிக் கூப்பிடுறேன்னிருக்காரு. நான் என்ன சொல்லட்டும்? சொல்லுங்க. வசனம் எழுதுறவங்க நீங்கதான?"