மாதம்மாள் சாஸ்

பாட்டிலில் வந்தால் சாஸ், சட்டியில் கொதித்தால் குழம்பு. நவநீதகிருஷ்ணன் சாரின் எண்ணம் அப்படித்தான் இருந்தது. மலைமேல் செம்மேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த விடுதிக்கு அவர் மேனேஜர், சேலத்துக்காரர். சனிக்கிழமை சாயங்காலம் முற்றத்தில் கரி அடுப்பு மூட்டி, கம்பி வலையில் கோழியைச் சுட்டு, பார்பிக்யூ சாஸ் தடவிக் கொடுப்பது விடுதியின் வழக்கம். ஒரு சனிக்கிழமை பார்த்து பாட்டில் காலி. அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்கு ஆளை அனுப்பினாலும் எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறி வருவதற்குள் விருந்தாளிகள் பசியில் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அன்றைக்கு சாரின் மானத்தைக் காப்பாற்றியது சமையல்காரி மாதம்மாள்.

அவள் அதே மலையில் இருக்கும் குண்டூர் நாட்டுக்காரி. தக்காளியையும் சின்ன வெங்காயத்தையும் தோல் கருகும்வரை தணலில் சுட்டு அரைத்தாள். அன்னாசிப் பழச்சாறு, புளிக்கரைசல், வெல்லம் எல்லாம் சேர்த்துக் கொதிக்கவிட்டாள். கரண்டியைத் தூக்கினால் சொட்டாமல் தொங்குகிற பதத்தில், தன் தோட்டத்து மிளகைக் கொரகொரப்பாகப் பொடித்துப் போட்டு இறக்கினாள். அதற்கப்புறம் அந்த விடுதியில் யாரும் பாட்டிலைத் தேடவில்லை. தின்றவர்கள் விரலை நக்கிக்கொண்டே, "இது எங்கங்க வாங்குனது?" என்று கேட்டார்கள்.

"பெங்களூர்ல இருந்து வருதுங்க" என்றார் சார். கூசாமல் சொன்னார், அதுவும் மாதம்மாள் தட்டோடு பக்கத்தில் நிற்கும்போதே.

முதல் வாரம் அவள் விழுங்கிக்கொண்டாள். இரண்டாவது வாரமும் விழுங்கினாள். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை, வாசலில் இருக்கும் கரும்பலகையில் சார் சாக்பீஸால் "பெங்களூர் ஸ்பெஷல் சாஸ்" என்று எழுதியதைப் பார்த்ததும் வயிறு எரிந்தது.

"சார், அதுல என் பேர எழுதுங்க."

"எதுக்கும்மா?"

"செஞ்சது நானுங்க."

சார் வாய்விட்டுச் சிரித்தார். "மாதம்மாள் சாஸ்னு எழுதுனா எவன்மா திம்பான்? ஏதோ கோயில் பிரசாதம்னு நெனைச்சுக்குவாங்க."

அவளுக்குக் காது மடல் சுட்டது. அந்தப் பேரில் என்ன குறை? காலை ஆறு மணிக்கு அந்தப் பேரைக் கத்திக் கூப்பிட்டுத்தான் இவர் காபி வாங்கிக் குடிக்கிறார். குடிக்கும்போது இனித்த பேர் பலகையில் ஏறும்போது மட்டும் கசக்கிறதாக்கும்!

"அப்ப நான் செய்ய மாட்டேனுங்க."

"செய்யாட்டி போ. நீ கிண்டறத எத்தன தடவ பாத்திருக்கேன். நானே செஞ்சுக்குவேன்."

"செய்யுங்க. அளவு வேணும்னா எழுதிக்குங்க."

அவள் சொல்லச் சொல்ல, அவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். ஒரு சிட்டிகை உப்பைக்கூட அவள் மறைக்கவில்லை.

"எதையாச்சும் ஒளிச்சு வெச்சிருக்கியா?" என்று சந்தேகத்தோடு கேட்டார்.

"சட்டிக்குள்ள போறது அம்புட்டும் சொல்லிட்டேனுங்க."

அது சத்தியம். சட்டியை விட்டு வெளியே வந்தபிறகு அந்தச் சாஸ் என்ன ஆகிறது என்பதை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கிண்டும்போது எட்டிப் பார்க்கிற சார், சுடும்போது விருந்தாளிகளோடு அரட்டையில் இருப்பார். மாதம்மாள் சமையலுக்குக் கட்டும் மேல்துணியை ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

விடுதிக்குப் பின்னால், மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களைத் தாண்டினால் அவள் வீடு. மறுநாள் சாயங்காலம் வேன் ஒன்று விடுதிக்குள் நுழைவதைப் பார்த்து அவள் புருஷன் செங்கோடன் கவலைப்பட்டான்.

"இருவது பேரு எறங்கறாங்க. வேல போயிருச்சுன்னா என்ன பண்ணுவ?"

"போவட்டுங்க. கைய மட்டும் வெச்சுக்கிட்டு பேரத் தூக்கி எறியறவங்க ஊட்டு வேல எனக்கெதுக்கு?"

ஆத்திரத்தில் சொல்லிவிட்டாளே தவிர, வேலை போய்விடுமே என்ற பயம் அவளுக்கும் இருந்தது. ஆனாலும் கால் அந்தப் பக்கம் நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் காற்றில் வெல்லம் கருகும் வாசனை வந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

நம் ஆட்களுக்குக் கோழி என்றால் மசாலா தடவி ஊறவைத்துத்தான் பழக்கம். சாரும் அதைத்தான் செய்திருக்கிறார். மத்தியானமே சாஸை அப்பி ஊறவைத்து, அப்படியே தணலில் போட்டிருக்கிறார். வெல்லமும் பழச்சாறும் நெருப்பைத் தாங்குமா? மாதம்மாளும் முதல் நாள் இதே தப்பைச் செய்து இரண்டு கோழித் தொடையைக் கரியாக்கினவள்தான். உப்பும் எலுமிச்சையும் மட்டும் போட்டுச் சுட வேண்டும், கறி வெந்தபிறகு கடைசி ஐந்து நிமிஷத்தில்தான் சாஸைத் தடவ வேண்டும் என்று அவள் அப்படித்தான் கற்றுக்கொண்டாள்.

சார் சட்டையெல்லாம் கரியோடு வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"மாதம்மா, வெளிய கரி, உள்ள ரத்தம். அத்தன பேரும் தட்ட வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. ஃப்ரிட்ஜுல இன்னும் ஆறு கோழி இருக்கு. வாம்மா."

"பலகைங்க சார்?"

"அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்."

"அப்பக் கோழியும் அப்பறம் பாத்துக்கலாமுங்க."

 சார் சரியென்று தலையை ஆட்டினார்.

மாதம்மாள் போனாள். புதுக் கோழியைத் துண்டுபோட்டுச் சுத்தம் செய்து, உப்பும் எலுமிச்சையும் தேய்த்து வலையில் அடுக்கினாள். அரை மணி நேரத்தில் கறி பொன்னிறமாக வெந்துவிட்டது. சார் கிண்டியதில் மீதி இருந்த சாஸ் சட்டியின் மூடியை மட்டும் அவள் திறக்கவில்லை. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தாள்.

அத்தனை பேர் பார்க்க சார் எழுந்து போனார். பலகையில் பெங்களூரை அப்படியே விட்டுவிட்டு, ஓரத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல் அவள் பேரை எழுதினார். அவள் நேராக நடந்துபோய், ஈரக்கையால் பலகையை மேலிருந்து கீழ்வரை ஒரே துடைப்பாகத் துடைத்தாள்.

"பெருசா எழுதுங்க சார். ரோட்டுல போற பஸ்சுல இருந்து பாத்தாத் தெரியோணும்."

கோழிக் கொழுப்பு தணலில் சொட்டிக்கொண்டிருந்தது. வேனில் வந்தவர்கள் தட்டோடு காத்திருந்தார்கள். சார் 'மா'வில் தொடங்கி கடைசிப் புள்ளியை வைத்து முடிக்கும்வரை அவள் மூடியைத் திறக்கவில்லை.